குடும்பமா, பி.எட்.டா? மன்னார்குடி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

எனக்கு 33 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமம். 2013-ல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன், அடுத்த வருஷமே கல்யாணம். மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். மகனுக்கு 4 வயது, பால்வாடிக்குப் போகிறான். கணவர் விவசாயம். மாமியார் எங்களோடு இருக்கிறார், அவருக்கு மூட்டுவலி. இந்த வருஷம் கும்பகோணம் போகும் வழியில் ஒரு கல்லூரியில் பி.எட். சேர்ந்தேன். விடிகாலை 4 மணிக்கு எழுந்தால்தான் வேலை முடிகிறது. ராத்திரி 11 மணிக்கு ரெக்கார்டு எழுத உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் கிடையாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டினால் முதல் வகுப்பு போச்சு. இதுவரை நடந்த 50 நாளில் 11 நாள் லீவு ஆகிவிட்டது: மகனுக்குக் காய்ச்சல் 4 நாள், தாளடி நடவு 3 நாள், நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டு 2 நாள், மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது 2 நாள். "குடும்பமா படிப்பான்னு முடிவு பண்ணிட்டு வாங்கம்மா" என்று ஒரு பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "பிள்ளைங்க பெரிசாகட்டும், அப்புறம் படிச்சுக்கலாம்" என்கிறார் மாமியார். காலேஜுக்குப் போகாமலே பி.எட். முடிக்க வழி இருக்கிறது என்கிறார் ஓர் உறவினர். நான் கிளம்பும்போதெல்லாம் மகன் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அவனுக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கமாகப் போய்விடுகிறேன். நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? இல்லை, இப்போதைக்கு நிறுத்திவிடுவதுதான் நல்லதா?

(பெயர் வேண்டாம், மன்னார்குடி வட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம்.

சும்மா தைரியம் சொல்வதற்காக இப்படி எழுதவில்லை. கல்வியியல் கல்லூரியில் பாடம் எடுத்தவள், மாணவியர் ஆலோசகராகவும் இருந்தவள் என்ற முறையில் விதியைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பி.எட். 2015-லிருந்து 2 வருஷப் படிப்பு. ஆனால் சேர்ந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் முடிக்கலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறை இடம் கொடுக்கிறது. அதாவது, ஏதாவது பெரிய தடங்கல் வந்தால்கூட உங்களுக்கு ஒரு வருஷம் கையில் இருக்கிறது. இப்போதே நின்றுவிட்டால் அந்த ஒரு வருஷமும் போகும், கட்டிய கட்டணமும் போகும். மறுபடி சேர வேண்டுமென்றால் விண்ணப்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"பிள்ளைங்க பெரிசாகட்டும்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னும் ஏழு வருஷத்தில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அப்போது வீட்டில் யாரும் "இப்ப உனக்கு நேரம் இருக்கு, படி" என்று சொல்லப்போவதில்லை. உங்கள் அத்தைக்கு இன்றைக்கு மூட்டு மட்டும்தான் வலிக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவரால் முடிகிறது. ஏழு வருஷம் கழித்து அவரையே ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு இதைவிட நல்ல காலம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி முதல் கேள்வி. நேரத்தைப் பிரித்துக்கொள்வது எப்படி என்று கேட்கிறீர்கள். விடிகாலை 4 மணிக்கு எழுந்து ராத்திரி 11 மணிக்கு மேலும் ரெக்கார்டு எழுதுகிறவரிடம் பிரிப்பதற்கு நேரம் எங்கே மிச்சம் இருக்கிறது? இருக்கிற வேலையில் பாதி உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், கணவர் செய்யும் வீட்டுவேலை என்று ஒன்றுகூட இல்லை. அவர் செய்யாமல் இருக்கிறாரா, நீங்கள் எழுதாமல் விட்டீர்களா தெரியாது. இரண்டில் எதுவானாலும் யோசிக்க வேண்டிய விஷயம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. தலை சுற்றுகிறது என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். தூக்கம் போதாததால் இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கிடையாது. இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, இப்போது அந்த 11 நாளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் கணக்குப் படித்தவர், நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன். பி.எட்.டுக்கு வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலைநாள். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும். ஆக 160 நாள் போயாக வேண்டும், 40 நாள் போகாமல் இருக்கலாம். நீங்கள் 50 நாளில் 11 நாள் போகவில்லை. இதே வேகத்தில் போனால் வருஷக் கடைசியில் 44 நாள் ஆகும். வரம்பைத் தாண்டுவது 4 நாள்தான். அந்தப் பேராசிரியர் பேசிய தோரணையைப் பார்த்து ஏதோ கை மீறிப் போய்விட்டது என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆனால் அந்த 40 நாள் உங்கள் சிறுவாட்டுப் பணம் மாதிரி. அஞ்சறைப்பெட்டியில் போட்டுவைத்ததை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பீர்களா? உங்களைத் தவிர வேறு ஆளே இல்லை என்கிற செலவுக்குத்தானே எடுப்பீர்கள்? லீவையும் அப்படித்தான் செலவழிக்க வேண்டும்.

மகனுக்குக் காய்ச்சல், 4 நாள். இதில் நான் கை வைக்க மாட்டேன். 4 வயதுப் பிள்ளை அனலாய்க் கொதிக்கும்போது நீங்கள் வகுப்பில் உட்கார்ந்து கல்வி உளவியல் கேட்பதில் அர்த்தமில்லை. ஆனால் நாலாவது நாள்? காய்ச்சல் விட்டு, சோர்ந்து படுத்திருக்கும் நாள் அது. கஞ்சி கொடுத்து, வேளைக்கு மருந்து ஊற்றி, பக்கத்தில் இருக்க அவன் அப்பாவால் முடியும். அவருக்கும் பழக்கமாகட்டும்.

நடவு, 3 நாள். என்ன வேலை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் டெல்டாவில் நடவு அன்றைக்கு வீட்டுப் பெண்ணுக்கு என்ன வேலை என்பது இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆட்களுக்கு டீ போட்டுத் தூக்கில் ஊற்ற வேண்டும், வடை சுட வேண்டும், பத்து மணிக்கு வரப்பில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், மத்தியானத்துக்கும் ஏதாவது பார்க்க வேண்டும். இதற்காக மூன்று நாள் வகுப்பை விட்டிருக்கிறீர்கள். ஊர் டீக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்தால் டீயும் வடையும் நேராக வயலுக்கே போகும். செலவு கொஞ்சம் கூடும்தான். நடவுக்கூலி, டிராக்டர் வாடகை, உரம் என்று எழுதும் நோட்டில் அதையும் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் உழைப்பு அந்த நோட்டில் இதுவரை ஏறவே இல்லை, அதனால்தான் அது இலவசம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

மஞ்சள் நீராட்டு, 2 நாள். நாத்தனார் மகள் என்றால் போகாமல் இருக்க முடியாது. தாய்மாமன் வீட்டுச் சீர் உங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும், எனக்குத் தெரியாதா? ஆனால் விழா ஒரு நாள். முதல் நாள் போய்ப் பலகாரம் சுட ஆளில்லை என்று கூப்பிட்டிருப்பார்கள். இனி அந்த முதல் நாளுக்குச் சாயங்காலம் போங்கள். "படிக்கிறா, அஞ்சு மணிக்குத்தான் வருவா" என்று உங்கள் கணவர் வாயால் ஒரு தடவை சொல்லட்டும். நீங்கள் சொன்னால் திமிர் என்பார்கள், அவர் சொன்னால் தகவல். இந்த அநியாயத்தை நாம் இன்றைக்கே மாற்றிவிட முடியாது, நமக்கு வேண்டியபடி பயன்படுத்திக்கொள்ளலாம். பங்குனியில் கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆள் வரும் அல்லவா, அதற்கும் இதே ஏற்பாடுதான்.

கண் ஆஸ்பத்திரி, 2 நாள். உங்கள் கணவருக்கு அம்மா. அவர் கூட்டிப்போகட்டும்.

இப்படிப் பார்த்தால் 11 நாளில் நீங்களே இருந்தாக வேண்டிய நாள் நான்கு, மிஞ்சினால் ஐந்து. லீவு போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வி போதும்: நான் இல்லாவிட்டால் இந்த வேலை நின்றுவிடுமா, இல்லை நான் செய்வதுபோல நடக்காதா? இரண்டாவது என்றால் வகுப்புக்குக் கிளம்புங்கள்.

காலை நேரத்துக்கு வருகிறேன். மகள் படிப்பது ஊராட்சி ஒன்றியப் பள்ளி, மூன்றாவது. அங்கே முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. 2023 ஆகஸ்ட் 25-ல் உங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான் அதை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, சாம்பாரோடு. மத்தியானம் சத்துணவு முட்டையோடு. ஆக, பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு அங்கேயே சூடாகக் கிடைக்கிறது. நீங்கள் விடிகாலையில் எழுந்து அவளுக்கு இட்லியும் சாம்பார் சாதமும் கட்டிக் கொடுக்கிறீர்களா என்பதை எழுதவில்லை. கட்டிக் கொடுக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் இந்தப் பக்கத்து வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "நெல்லு விளையிற வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடத்துல தட்டு ஏந்தணுமா?"

ஏந்தட்டும், ஒன்றும் ஆகாது. கூடப் படிக்கிற பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவளையே கேளுங்கள். பெரும்பாலும் பிடித்திருக்கும். வீட்டில் ஒரு இட்லிக்கு அரை மணி நேரம் மன்றாட வைக்கிற பிள்ளைகள் பள்ளியில் தட்டைக் காலி செய்கின்றன. இன்னொன்றும் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் ஆசிரியராகப் போகப்போவது இப்படி ஓர் அரசுப் பள்ளிக்குத்தான் என்ற ஆசையில்தானே பி.எட். படிக்கிறீர்கள்? அந்தப் பள்ளியின் சாப்பாடு உங்கள் மகளுக்கு ஆகாது என்றால் எப்படி?

மகனுக்கும் பால்வாடியில் மத்தியானச் சாப்பாடு உண்டு. அப்படியானால் 4 மணிக்கு எழுந்து யாருக்காகச் சமைக்கிறீர்கள்? இரண்டு பெரியவர்களுக்கு. வயலுக்குப் போகிற ஆளுக்குக் காலையில் பழையதும் மோரும் முதல் நாள் வற்றக்குழம்பும் போதும். கேட்டால் அதுதான் உடம்புக்கும் நல்லது என்று அவரே சொல்வார். மத்தியானத்துக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல். காயை ராத்திரியே நறுக்கி வைத்துவிடலாம். நறுக்கும் வேலையை உட்கார்ந்தபடியே செய்ய அத்தையால் முடியும். 5 மணிக்கு எழுந்தால் போதும். ஒரு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைக்கும்.

அத்தையைப் பற்றி. அவர் படிப்புக்கு எதிரி என்று எனக்குப் படவில்லை. வீட்டுப் பொறுப்பு எல்லாம் மறுபடி தன் தலையில் வந்து விழுமோ என்ற பயம் அவருக்கு. மூட்டுவலியோடு இருக்கிற பெண்மணிக்கு அது நியாயமான பயம். "கொஞ்சம் பார்த்துக்குங்க அத்தை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பயம் கூடும். எவ்வளவு என்று அளந்து கொடுங்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அத்தை, சாயங்காலம் நாலு மணிலேர்ந்து நான் வர்ற வரைக்கும் பிள்ளைங்க உங்க பொறுப்பு. அடுப்புப் பக்கம் போக வேணாம், நான் வந்து பார்த்துக்கறேன். பிள்ளைங்களுக்கு என்ன குடுத்தீங்க, ஏன் டி.வி. போட்டீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் கஷ்டம். உங்களுக்குச் சொல்கிறேன், அவருக்கு இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மகன் சீரியல் பார்த்துக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருப்பான், மகளின் பின்னல் அவிழ்ந்து கிடக்கும், வீட்டுப்பாடம் தொட்டிருக்க மாட்டாள். வாயைத் திறக்காதீர்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போய்த் திருத்தினால் அது திரும்ப உங்களிடமே வந்து சேரும். அதற்கப்புறம் யாரும் கை நீட்டி வாங்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் தோற்றுத்தான் பல பெண்கள் படிப்பை விட்டதை நான் பார்த்திருக்கிறேன். மாமியாரோ புருஷனோ தடுத்து விட்டவர்கள் அதைவிடக் குறைவு.

கணவரிடம் எப்படிப் பேசுவது? பொதுவாக "ஒத்தாசை பண்ணுங்க" என்றால் தலையாட்டுவார், அடுத்த நாள் மறந்துவிடுவார். விவசாயிக்கு வேலை வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. நடவும் களையும் முடிந்து பயிர் பச்சை பிடித்து நிற்கும்போது காலை வேளையில் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. தை பிறந்து சம்பா அறுவடை ஆரம்பித்தால் அறுவடை மெஷினுக்குக் காத்திருக்க வேண்டும். அப்புறம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்து மூட்டை பிடிக்கும் வரைக்கும் ராத்திரி பகலாகக் காவல் இருக்க வேண்டும். தாளடி அறுவடை அதற்குப் பின்னால். அந்த வாரங்களில் அவரை நம்பி எந்த ஏற்பாடும் செய்யாதீர்கள், நடக்காது, சண்டைதான் வரும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களில் காலை வேலை அவருடையதாக இருக்கட்டும்: மகனைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பால்வாடியில் விடுவது. ஏதோ ஒரு நாள் என்றில்லாமல் அத்தனை நாளும்.

ஒரு பெரிய மாதக் காலண்டர் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். ஒரு பேனாவில் அவர் வயல் தேதிகளை எழுதட்டும், இன்னொரு நிறத்தில் நீங்கள் தேர்வு, ரெக்கார்டு முடிக்கும் நாள், மாதிரி வகுப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். அறுவடையும் உங்கள் உள்தேர்வும் ஒரே வாரத்தில் மோதினால் இரண்டு மாதம் முன்னாலேயே தெரிந்துவிடும். அந்த வாரத்துக்கு உங்கள் அம்மாவை வரச் சொல்லலாம்.

மழை நாளையும் இதில் சேருங்கள். கார்த்திகை மாதத்தில் காலை ஆறு மணிக்கு டி.வி.யில் "பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை" என்று ஓடும். மகளுக்கும் மகனுக்கும் லீவு, உங்களுக்குக் கல்லூரி உண்டு. அன்றைக்குக் காலையில் யோசித்தால் லீவு போடத்தான் தோன்றும். கூடப் படிக்கிறவர்களில் உங்களைப் போலப் பிள்ளை வைத்திருப்பவர் யாராவது இருப்பார், தெருவிலும் யாராவது இருப்பார். மழைக்கு முன்னாலேயே பேசிவைத்துவிடுங்கள்.

பஸ் விஷயத்தில் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நீடாமங்கலம் கேட் யாருக்காகவும் திறக்காது. ஒன்று செய்யலாம். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அதில் மிச்சமாகும் காசைத் தனியாக எடுத்துவையுங்கள். டவுன் பஸ் தவறும் நாளில் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய்விடத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் சொல்லிவைக்க அது உதவும்.

ரெக்கார்டு. பி.எட்.டில் படிப்பைவிட எழுத்து வேலைதான் ஆளைக் கொல்லும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அதை ராத்திரி 11 மணிக்கு வீட்டில் எழுதுவதை நிறுத்துங்கள். நோட்டைக் கல்லூரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மத்தியானம் சாப்பிட்டதும் நூலகத்தில் அரை மணி, வகுப்பு விட்டு பஸ் வரும்வரை கொஞ்சம். அதற்குள் முடிகிற அளவுக்கு மட்டும் அலங்காரம் போதும். பார்டர் வரைந்து, நாலு கலர் ஸ்கெட்ச் போட்டு, ஜிகினா ஒட்டிய ரெக்கார்டுக்கு யாரும் கூடுதலாக மார்க் அள்ளிக் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர்கள் சிலர் உண்டு, அவர்களைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஒரு சின்னப் பகுதியை மட்டும் சில நிமிடத்தில் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தல் பயிற்சிக்கு வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வழியாகக் கணக்குப் படிக்கிறவள். அவளுக்கு வராத ஒன்றை, கடன் வாங்கிக் கழிப்பது என்று வைத்துக்கொள்வோம், ஏழு நிமிடத்தில் புளியங்கொட்டையை வைத்துச் சொல்லிக் கொடுங்கள். புரியவில்லை என்றால் முகத்தில் தெரிந்துவிடும். கல்லூரியில் கூடப் படிக்கிறவர்கள் மாணவர்களாக நடிக்கும்போது அது தெரியாது. உங்களுக்குப் பயிற்சியும் ஆயிற்று, அவளுக்கு அம்மாவோடு உட்கார்ந்த மாதிரியும் ஆயிற்று.

உறவினர் சொன்ன வழி. அஞ்சல் வழியில் பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. உங்களுக்கு அந்த வாசல் இல்லை. அவர் சொல்வது அதுவாக இருக்காது. பணத்தைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டு, வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் இருக்கிற ஏற்பாடு ஒன்று ஊருலகத்தில் நடக்கிறது, அதைச் சொல்கிறார். ஆய்வு வந்து கல்லூரி மாட்டினால் உங்கள் சான்றிதழும் சேர்ந்து மாட்டும். மாட்டவில்லை என்றாலும் அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதற்கப்புறம் எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். இரண்டுக்கும் யாரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

"குடும்பமா படிப்பா" என்று கேட்ட பேராசிரியர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதே வகுப்பில் உள்ள கல்யாணமான ஆணிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வராத மாணவியைத்தான் ஆசிரியர்களுக்குப் பிடிக்காது. லீவு என்றால் அன்று காலை எட்டரைக்குள் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், மருத்துவச் சீட்டு இருந்தால் மறுநாளே கொடுத்துவிடுங்கள். முதல்வரை நேரில் பார்த்து உங்கள் நிலைமையை ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். அழ வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். இதுவரை இத்தனை நாள், இனி இப்படி ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று எழுதினால் போதும்.

முதல்வரைப் பார்க்கும்போதே கற்பித்தல் பயிற்சியைப் பற்றியும் பேசிவிடுங்கள். உண்மையான நெருக்கடி அங்கேதான் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் 16 வாரம் இரண்டாம் வருஷத்தில். அதற்கு வருகை 90 சதவீதம். வாரம் 5 நாள் என்று வைத்தால் 80 நாளில் 8 நாள்தான் லீவு. அந்த 8 நாளில் ஒன்றைக்கூட மஞ்சள் நீராட்டுக்குக் கொடுக்க முடியாது. எந்த மாதம் என்று இப்போதே கேளுங்கள். மன்னார்குடியிலோ உங்கள் ஊர்ப் பக்கத்திலோ ஓர் உயர்நிலைப் பள்ளியைக் கேளுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்குப் பட்டியல் போவதற்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், பட்டியல் போனபின் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்துப் பள்ளி கிடைத்துவிட்டால் ரயில்வே கேட்டும் இல்லை, கும்பகோணம் பஸ்ஸும் இல்லை. மழை லீவும் உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்தே வரும். அந்த 16 வாரம் இந்த வருஷத்தைவிட லேசாகக்கூட இருக்கலாம்.

கடைசியாக மகன். கொல்லைப்பக்கமாகப் போவதை நாளையிலிருந்து நிறுத்துங்கள். அம்மா எந்த நிமிடத்தில் காணாமல் போவாள் என்று தெரியாத பிள்ளைதான் காலையில் எழுந்ததிலிருந்தே புடவையைப் பிடித்துக்கொண்டு திரியும். வாசல் வழியாகவே கிளம்புங்கள். "அம்மா பஸ்ல போறேன். அக்கா ஸ்கூல் விட்டு வந்து, பாட்டி உனக்குப் பால் குடுத்து, அப்புறம் நீ கொஞ்ச நேரம் விளையாடினதும் வந்துடுவேன்" என்று சொல்லுங்கள். மணி சொன்னால் அவனுக்குப் புரியாது, வரிசை சொன்னால் புரியும். சொல்லி, முத்தம் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். முதல் சில நாள் இன்னும் பலமாக அழுவான். நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுதான் என்று அத்தையிடம் கேளுங்கள், தெருமுனை தாண்டுவதற்குள் நின்றிருக்கும். பஸ் தாமதமானால் போன் பண்ணி அவனிடமே சொல்லுங்கள், சொன்ன வரிசை தவறியது அவனுக்குத் தெரிய வேண்டும். பல வாரமாகியும் அழுகை குறையவில்லை, சாப்பிட மறுக்கிறான், ராத்திரி தூக்கத்தில் எழுந்து தேடுகிறான் என்றால் மறுபடி எழுதுங்கள். அதற்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.